போட்டோவுக்கு ஒரு பிள்ளை

பெயர் ராமுத்தாய். வயது ஐம்பத்து நான்கு. கணவர் காசிமாயன், காலமாகிவிட்டார். தகப்பனார் ஒச்சப்பன். பிறந்த ஊர் சிலமலை. தற்போது குடியிருப்பது போடிநாயக்கனூர், வாய்க்கால் தெரு. தொழில் ஏலக்காய் வியாபாரம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்.

என் ஏலக்காய்ச் சரக்குக் கிட்டங்கியில் வைத்து நிலா என்கிற ஆறு வயதுப் பெண் குழந்தை வெப்பத்தால் மயங்கி இறந்துபோனது சம்பந்தமாக, என்னிடம் மேஸ்திரி வேலை பார்த்த சோலையம்மாளைக் கைது செய்து ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். குழந்தையைப் பெற்ற தாய் சுகன்யா மீதும் கவனக்குறைவு என்று வழக்குப் பதிவாகியிருக்கிறது. அந்த வழக்கில் நான் வெறும் சாட்சி. அது சரியில்லை என்று சொல்லவே நானாக இந்த நீதிமன்றத்துக்கு வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகத் திரும்பலாம், சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று நடுவர் அவர்கள் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். யோசித்துப் பார்க்க அவகாசமும் கொடுத்தார்கள். வெளியே வாகனங்கள் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

மலைத் தோட்டங்களில் உலர்த்தி ஜீப்பில் இறக்கும் ஏலக்காயைச் சாக்கோடு வாங்கி, சலித்து, வெடித்தது வெளுத்தது பூச்சி விழுந்தது என்று பிரித்து, நல்ல பச்சையைத் தனியாகக் கட்டி ஏலத்துக்கு அனுப்புவது என் தொழில். இந்தத் தொழிலுக்குள் நான் முதலாளியாக நுழையவில்லை. இதே மாதிரி ஒரு கிட்டங்கித் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கித்தான் நுழைந்தேன். ஏலக்காய்க்கு விலையே அதன் பச்சைதான். வெளிச்சம் பட்டால் வெளுக்கும், காற்று பட்டால் வாசம் போகும், ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். அதனால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். விசிறி சுற்றினால் தூசி எழும்பிப் பிரித்த காயில் விழும் என்று வேலை நேரத்தில் விசிறி போடுவதில்லை. கிட்டங்கிக்குள்ளேயே, கட்டிய சாக்குகளை அடுக்கி வைக்க இருப்பறை ஒன்று உண்டு. தடித்த கல் சுவர், மரப்பலகைத் தரை, ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். ஒரு காய்க்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று எனக்கு முழுக்கத் தெரியும்.

சுகன்யா என்னிடம் வேலைக்கு வந்தது சமீபத்தில்தான். அதற்கு முன் புருஷனோடு மலையில், பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தாள். மழை தவறி, வெயில் கடுத்து, ஏலச்செடி தூரோடு காய்ந்துபோன பிறகு அந்தத் தோட்டத்தில் ஆள் குறைத்துவிட்டார்கள். புருஷன் கட்டட வேலைக்குக் கோயம்புத்தூர் போய்விட்டான். இவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கிப் போடிக்கு வந்து, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். நிலா மலையில் பிறந்த பிள்ளை. கீழே வந்த நாளில் இருந்து வேர்க்குருவோடுதான் இருந்தது. தண்ணீர் வேண்டும் என்றால் மலையாளத்தில் வெள்ளம் என்றுதான் கேட்கும். மற்றப் பிள்ளைகள் அதற்குச் சிரிக்கும், அதுவும் சேர்ந்து சிரிக்கும்.

இந்த வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்க வேண்டிய சமயத்தில், வெயில் தணியவில்லை என்று திறப்பைத் தள்ளி வைத்தார்கள். பிறகு மறுபடியும் தள்ளி வைத்தார்கள். பகல் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது, நிழலில் வைத்திருக்க வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு விட்ட லீவைத் தாய்க்கு யாரும் விடவில்லை. நானும் விடவில்லை. பள்ளிக்கூடம் இல்லை என்றால் மதியச் சோறும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளையைத் தனியாகப் பூட்டிவிட்டு வர எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை இடுப்பில் வைத்தும் கையில் பிடித்தும் கிட்டங்கிக்குக் கூட்டி வர ஆரம்பித்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஆள் வராது, லோடு தேங்கும். பெரிய பிள்ளைகள் சில நேரம் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கியதும் உண்டு. நான் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவேன். இதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இனி, பிள்ளைகளை ஒளித்து வைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு சமயம் வேறு ஒருவருடைய கிட்டங்கியில் அதிகாரிகள் திடீரென்று சோதனைக்கு வந்து, தாயின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைப் பார்த்துக் குழந்தைத் தொழிலாளர் வழக்குப் போட்டு, கிட்டங்கிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். வேலை பார்த்த பொம்பளைகள் எல்லோரும் அன்றைக்கே தெருவுக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு என்று ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் அதில் நாங்கள் படித்திருக்க வேண்டிய பாடம். பிள்ளைகளை ஒளிக்க வேண்டும் என்று படித்துக்கொண்டோம். என் கிட்டங்கியில் அதற்கு நான் ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். அதிகாரிகள் வரும் வெள்ளை ஜீப்பு தெருமுனையில் திரும்பினால், லோடு ஏற்றுகிற மாரீஸ்வரன் தராசுத் தட்டைக் கம்பியால் தட்டுவான். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் இருப்பறைக்குள் ஓடிவிட வேண்டும். சோலையம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். ஒரு தடவை சின்னப் பிள்ளை ஒன்று பாதியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது, அதனால் தாழ்ப்பாள் போடும் வழக்கம் வந்தது. போடச் சொன்னது நான். சோலையம்மாள் தானாகச் செய்ததில்லை. உள்ளே யாரும் சத்தம் போடக் கூடாது, சத்தம் போட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதுகளுக்கு அது ஒரு விளையாட்டு. தட்டு எப்போது ஒலிக்கும் என்று காத்திருக்கும்.

சம்பவத்தன்று காலை ஒரு அரசு அலுவலகத்தில் இருந்து எனக்குப் போன் வந்தது. வெயில் காலப் பாதுகாப்புக்காக மாவட்டத்துக்கு ஒரு திட்டம் தயாரிக்கிறார்கள் என்றும், அதில் குழந்தைகள் உரிமையை எப்படிச் சேர்ப்பது என்று தொழில் நடக்கிற இடங்களில் தாய்மார்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றும், என்னிடம் ஒரே இடத்தில் நிறையப் பெண்கள் இருப்பதால் முகாமை என் கிட்டங்கியிலேயே வைத்துக்கொள்கிறோம், மதியத்துக்குள் வந்துவிடுவோம் என்றும் சொன்னார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் இத்தனை கிட்டங்கி இருக்க என்னுடையதைத் தேடி வருகிறார்கள் என்று நினைத்தேன்.

மலையில் இருந்து வந்த லோடு ஒன்று சரியாக உலராமல் ஈரத்தோடு இருந்ததால், அன்று விடியலில் இருந்தே அதைப் பின்கட்டில் உள்ள உலர்த்தும் அடுப்பில் மறுபடி சூடேற்றி, பொறுக்கும் தரையில் ஆறப் பரப்பியிருந்தோம். ஆறிய பிறகுதான் சாக்கில் கட்ட வேண்டும். ஆனால் முகாமுக்கு நாற்காலி போட வேண்டும், சுவரில் பேனர் கட்ட வேண்டும், தரை வேண்டும். ஆகவே காயைச் சூடு ஆறும் முன்பே அள்ளி, கறுப்புத் தாள் வைத்த சாக்குகளில் கட்டி, இருப்பறையில் சுவரோரமாக அடுக்கச் சொன்னேன்.

அதன் பிறகு சோலையம்மாள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, பிள்ளைகள என்னக்கா செய்ய? வீட்டுக்கு அனுப்பிருவமா?"

"இந்த வெயில்லயா? ரோட்டுல கால் வைக்க முடியுதா உனக்கு? வர்றவங்க கண்ணுல நடுரோட்டுல பட்டாத் தொலைஞ்சோம்."

"அப்ப உள்ளயே வைப்பமா?"

"எப்பவும் போலத்தான். கொஞ்ச நேரச் சோலி. பேசிட்டு டீயக் குடிச்சுட்டுப் போயிருவாக."

சொல்லிவிட்டு நானே இருப்பறைக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறிச் சில்லென்று இருந்தது. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. ஏலக்காய் நிறைந்த அறைக்குள் போனால் மூக்கும் தொண்டையும் குளிர்ந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட எங்கள் பொம்பளைகள் சாக்கு ஓரமாகப் படுக்க வைப்பார்கள். அந்த அறைதான் கிட்டங்கியிலேயே குளிர்ந்த இடம் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணம். "இங்க இருக்கிற குளிர்ச்சி வெளிய இல்ல" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். காய் சூடாக இருக்கும்போதுதான் வாசம் அதிகமாகக் கிளம்பும். மூக்கில் ஏறிய குளிர்ச்சி அந்தச் சூட்டில் இருந்து வந்தது. சூடான சாக்கு பத்தாயத்துக்குள் போட்ட கங்கு மாதிரி, பொழுது சாய்கிற வரைக்கும் ஆறாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்கு மூக்கை நம்பினேன்.

அதன் பிறகு மதியம் உச்சி வெயிலில் மாரீஸ்வரன் தராசுத் தட்டைத் தட்டினான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடின. சோலையம்மாளின் மகள் ரோஜா, ஆறாம் வகுப்புப் போக வேண்டியவள், எல்லாவற்றுக்கும் பெரியவள் என்பதால் கடைசியாக நிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். சோலையம்மாள் தாழ்ப்பாள் போட்டாள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் பெற்ற பிள்ளையும் இருந்தது என்பதை நீதிமன்றம் கவனிக்க வேண்டுகிறேன்.

வந்த அலுவலர் கெட்ட மனிதர் இல்லை. பொம்பளைகளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். கூட ஒரு போட்டோகிராபரும், பேனரும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும், திட்டத்தின் பெயர் அச்சடித்த மஞ்சள் குடையும் வந்தன. அதன் பிறகு அவர் பேசினார். பருவநிலை மாறுவதற்குப் பிள்ளைகள் காரணம் இல்லை, ஆனால் அதிகம் கஷ்டப்படப்போவது பிள்ளைகள்தான், பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு வெகு சீக்கிரம் சூடேறிவிடும், அதனால் திட்டத்தில் முதல் பக்கத்திலேயே பிள்ளைகளின் உரிமையை வைத்திருக்கிறோம் என்று சொன்னார். சொன்னது அத்தனையும் உண்மை. முதலில் கைதட்டியது நான்.

அதன் பிறகு அவர், "உங்க பிள்ளைங்கல்லாம் இப்ப எங்கம்மா இருக்காங்க?" என்று பொதுவாகக் கேட்டார். நான்தான் சொன்னேன். "எல்லாம் வீட்டுல இருக்குதுக சார். விசிறி போட்டு, மோர் கரைச்சு வச்சுட்டுத்தான் வந்திருக்காளுக." ரொம்ப நல்லது என்றார். எழுதிக்கொண்டார். திட்டத்துக்கு ஆலோசனை ஏதாவது உண்டா என்றும் கேட்டார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார் என்று அதற்கும் நானே பதில் சொன்னேன்.

அத்தோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை பிள்ளை பிழைத்திருக்கும். முடியவில்லை. எழுந்து நின்ற போட்டோகிராபர் அலுவலரின் காதில் ஏதோ சொன்னார். அலுவலர் என்னைப் பார்த்து, "ஏம்மா, ஒரு பிள்ளைகூடவா இங்க இல்ல? குழந்தைங்க திட்டம்னு பேனர்ல போட்டிருக்கு. குழந்தை இல்லாம போட்டோ எப்படிம்மா மேல அனுப்புறது? அந்தக் குடையை ஒரு பிள்ளை கையில கொடுக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்.

எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு மட்டுமே இருந்தது. நான் மாரீஸ்வரனைப் பார்த்தேன். "மாரி, வெளிய போயி எங்கயாச்சும் ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வெரசா வா" என்று சொன்னேன். இதைச் சொன்னது நான். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், பிறகு போனான்.

அவன் வர நேரம் ஆனது. அந்த வெயிலில் தெருவில் எந்தப் பிள்ளை இருக்கும்? அதன் பிறகு சுகன்யா எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் மோந்துகொண்டு இருப்பறைப் பக்கம் நடந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் நின்றாள். கையில் செம்போடு நிற்கிறவளைப் பார்த்து அலுவலர், "தண்ணியாம்மா? கொண்டாங்க, தொண்டை வறண்டுபோச்சு" என்று கையை நீட்டினார். அந்தத் தண்ணீரைச் சுகன்யா அவருக்குக் கொடுத்தாள். அவர் அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு, மலைத்தண்ணி மாதிரி இருக்கு என்று சொல்லிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு மாரீஸ்வரன் மட்டும் திரும்பி வந்து, "சார், முக்குல செல்போன் கடைக்காரர் மகன் இருக்கான், ஏசி ரூம விட்டு வரமாட்டேங்கிறான். வெயிலா இருக்காம்" என்றான். அலுவலர் சிரித்துவிட்டார். "பார்த்தீங்களா, விழிப்புணர்வு வந்துருச்சு" என்றார். மாரீஸ்வரன் மறுபடி போய், குளிர்பானம் வாங்கிக் கொடுத்து அவனைக் கூட்டி வந்தான். அவன் கையில் குடையைக் கொடுத்து, பேனருக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் பொம்பளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் சிரி."

"எம்புட்டு நேரம் இதப் பிடிச்சுட்டு நிக்கணும்?"

"ஒரே ஒரு போட்டோப்பா."

"கேமு பாதில நிக்கிது, வெரசா எடுங்க. ஸ்ஸ்... இந்த ரூமு என்ன இப்பிடி வேகுது!"

பொம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள். அவளைக் குறை சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. சிரிக்காமல் நின்றிருந்தால் அலுவலர் அவள் முகத்தைக் கவனித்திருப்பார், அதற்குப் பயந்து சிரித்தாள். எல்லோரும் அப்படித்தான் சிரித்தோம். வேகுது என்று சொன்ன பிள்ளை வெளி அறையில் நின்று சொன்னான் என்பது எங்களில் ஒருத்திக்கும் அப்போது உறைக்கவில்லை.

அதன் பிறகு ஜீப்பு கிளம்பித் தெரு திரும்பியதும் சோலையம்மாள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். பிள்ளைகள் வேர்த்து நனைந்து, முகம் சிவந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வெளியே வந்தன. இரண்டு பிள்ளைகள் வாசலிலேயே வாந்தி எடுத்தன. ரோஜா மட்டும் வரவில்லை. உள்ளே சாக்குகளுக்கு நடுவில் நிலாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாவாடை நுனியால் விசிறிக்கொண்டிருந்தாள். தாயைப் பார்த்ததும், "இவ தூங்கிட்டாம்மா. சத்தமே போடல" என்றாள். நாங்கள் பாராட்டுவோம் என்று எதிர்பார்த்து அதைச் சொன்னாள்.

நிலாவைத் தூக்கியது நான். உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அடுப்பில் இருந்து எடுத்த காய் மாதிரி கொதித்தது. நாற்காலிமேல் கொடுத்துவிட்டுப் போன உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டுகள் கிடந்தன. அதைக் கரைத்து வாயில் விட்டோம், உள்ளே இறங்கவில்லை. தண்ணீரைத் தலையில் ஊற்றி, லோடு ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிள்ளை எங்கே இருந்தது என்று டாக்டர் கேட்டார். "வீட்டுல" என்று என் வாயில் பழக்கத்தில் வந்துவிட்டது. சுகன்யா என் முகத்தைப் பார்த்து, "இனியுமாக்கா?" என்றாள். அதன் பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். மேல்சிகிச்சைக்குத் தேனிக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே பிள்ளை இறந்துவிட்டது.

அதன் பிறகு போலீசார் கிட்டங்கிக்கு வந்து, தாழ்ப்பாள் போட்டது யார் என்று கேட்டார்கள். சோலையம்மாள், நான்தான் என்று சொன்னாள். யார் சொல்லிப் போட்டாய் என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு மாலை என் மகளைக் கட்டியிருக்கும் அன்புச்செல்வன் வீட்டுக்கு வந்தார்.

"அத்தே, அந்த நேரத்துல நீங்க ஏல சென்டர்ல இருந்தீகன்னு ரெண்டு பேரு சொல்ல ரெடியா இருக்காக. நீங்க சும்மா இருந்தா போதும். சோலையம்மாதான் ஒத்துக்கிருச்சே."

"மாப்ளே, நான் அங்க நின்னு கைதட்டுனது போட்டோவுல இருக்கே, அத என்ன செய்வீக?"

"போட்டோவுல நீங்க ஓரமாத்தான் இருக்கீக. தெரியாது."

செல்போனில் சுற்றிய போட்டோவை அவர் ஏற்கெனவே உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மறுநாள் அது பத்திரிகையிலும் வந்தது. மஞ்சள் குடைக்குக் கீழே செல்போன் கடைக்காரர் மகன் சிரிக்கிறான். வெயிலில் இருந்து குழந்தைகளைக் காக்கத் தாய்மார்கள் உறுதி என்று கீழே போட்டிருந்தார்கள். பின்வரிசையில் சுகன்யா நிற்கிறாள், கையில் காலிச் செம்பு இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு நான் சுகன்யா வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நிற்கவே முடியவில்லை. பிறகு அவளே கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கதவத் தெறந்து, இந்தா இருக்கு சார் எங்க பிள்ளைகன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"கேஸ் போட்டிருப்பாக. கிட்டங்கியப் பூட்டியிருப்பாக."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"எம்புள்ள அந்தக் கொடையப் பிடிச்சுட்டு நின்னுருப்பாள்ல?"



அலுவலர் கேட்டபோது நான் சொல்லாத ஆலோசனையை இந்த நீதிமன்றத்தில் சொல்லிவைக்க விரும்புகிறேன். வெயில் கடுத்தால் பள்ளிக்கூடத்தை மூடாதீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே நல்ல கூரை அதுதான். பாடம் நடத்த வேண்டாம், பரீட்சை வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, விசிறியைப் போட்டு, சோறும் தண்ணீரும் கொடுத்தால் போதும். தாய் வேலை பார்க்கிற இடத்தில் பிள்ளை இருந்தால் வழக்கு என்று மட்டும் சட்டம் வைத்துவிட்டு, பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், நாங்கள் அதைச் சாக்குகளுக்கு நடுவில்தான் வைப்போம். பிள்ளைகளைப் பற்றித் திட்டம் போடுகிறவர்கள் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்க வந்தபோது பதில் சொல்லக் கூடிய பிள்ளைகள் என் கதவுக்குப் பின்னால் இருந்தன. நான் கேட்கவிடவில்லை. உள்ளே நடந்ததை ரோஜா பிறகு என்னிடம் சொன்னாள். "நிலா வெள்ளம் வெள்ளம்னு கேட்டா. கதவத் தட்டலாம்னு எனக்குத் தோணுச்சு. தட்டுனா எல்லாரு அம்மாவுக்கும் வேலை போயிரும்ல? அதான் அவ வாயப் பொத்திக்கிட்டேன். பெறவு அவ கேக்கல." ரோஜாவைத் தனியாக விசாரிப்பதாகச் சொல்கிறார்கள். விசாரிக்கிறவர்கள், அவள் செய்தது தப்பில்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை.

சோலையம்மாள் என் சொல்லைக் கேட்டுத் தாழ்ப்பாள் போட்டவள். சுகன்யா வேறு வழி இல்லாமல் பிள்ளையைக் கூட்டி வந்தவள். ஒளிக்கச் சொன்னதும், தாழ்ப்பாள் போடச் சொன்னதும், சூடான சாக்கை உள்ளே அடுக்கச் சொன்னதும், தண்ணீர் கொண்டு போனவளைத் தடுத்ததும் நான். அவர்கள் இருவரையும் விடுவித்து என்னை வழக்கில் சேர்க்க வேண்டுகிறேன்.

இன்னும் ஒரு விஷயம். போலீசார் கிட்டங்கியில் இருந்து தாழ்ப்பாளைக் கழற்றிக் கொண்டு போனார்கள். தராசுத் தட்டையும், ஒரு சாக்கையும் சான்றுப் பொருளாக எடுத்தார்கள். அந்தப் பையன் போட்டோ எடுத்து முடிந்ததும் குடையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டான். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கொடுத்தேன். அது வழக்குக்குச் சம்பந்தம் இல்லாத பொருள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை இன்று இங்கே கொண்டு வந்திருக்கிறேன். வாங்கிக்கொள்ள முறை வேறு இருக்கிறது என்று நடுவர் அவர்கள் சொன்னார்கள். அப்படியானால், மேற்படி குடை இந்த வாக்குமூலம் கொடுக்கும்போது என் கையில் இருந்தது, ஒரு தடவை விரித்த அடையாளம் தவிரப் புதிதாக இருந்தது என்பதையாவது பதிவு செய்யக் கேட்டேன். பதிவு செய்தார்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. கூட்டியது எதுவும் இல்லை, மறைத்தது இனி எதுவும் இல்லை. என் கிட்டங்கியில் நடந்தது இதுதான் என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கா. ராமுத்தாய்